தகவல் மனுவுக்கு எண் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் அரசுக்குள் என்ன ஓடுகிறது?

நீலமை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு அரசுத் துறையிடம் சில ஆவணங்களின் நகல் கேட்டு இணையம் வழியாக மனு போட்டிருந்தேன். எந்தத் துறை, என்ன ஆவணம் என்பது இந்த இழைக்குத் தேவையில்லை. மனு போட்ட கையோடு பதிவு எண் வந்தது. அதைத் தட்டிப் பார்த்தால் முதலில் 'பெறப்பட்டது', அப்புறம் 'பரிசீலனையில்'. அதோடு சரி. கெடுவும் தாண்டிவிட்டது, திரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பதில் எப்படி வாங்குவது என்பதைவிட எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். இந்த எண்ணை வைத்து உள்ளே யார் எதைக் குறித்துக்கொள்கிறார்கள்? அந்தக் குறிப்பை நான் பார்க்க முடியுமா? மற்ற நாடுகளில் எப்படி என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

மூன்றாம்நகல் எழுதியது:

தபால் பிரிவிலும் பிறகு பதிவறையிலும் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் உள்பக்கத்தைச் சொல்கிறேன்.

மனு வந்ததும் தேதி முத்திரை விழும், எண் விழும். பொருளைப் படித்துப் பார்த்து எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்வார். பிரிவுக்குப் போனதும் அவர்களுடைய பதிவேட்டில் இன்னொரு எண் விழும், ஒரு கோப்பு திறக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது மனு எண். வேலை நடப்பது கோப்பு எண்ணில். நீங்கள் தொலைபேசியில் மனு எண்ணைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் "பார்த்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுவார். பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். அந்த எண்ணை வைத்து அவரால் எதையும் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

'பரிசீலனையில்' என்றால் யாரோ ஒருவர் மனுவை ஏற்றுக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார் என்று மட்டும் பொருள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கோப்பில்: ஆவணத்தைத் தேடச் சொல்லி ஒரு குறிப்பு, கிடைத்த பக்கங்களின் கணக்கு, எதை மறைக்கலாம் என்று ஒரு குறிப்பு, வேறு நிறுவனத்தின் ரகசியம் இருந்தால் அவர்களுக்குக் கடிதம், கடைசியில் மேலதிகாரியின் கையெழுத்து. இதில் ஒன்றுகூட நீங்கள் பார்க்கும் திரைக்கு வருவதில்லை.

கெடுநாள் எழுதியது:

ஐயா சொன்னது சரி. கூடவே ஒன்று: எண்ணைவிடக் கடிகாரம்தான் முக்கியம். எண் எங்கும் போகாது, கடிகாரம்தான் சட்டப்படி ஓடுகிறது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். இலங்கையின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 வேலை நாளுக்குள் தருவோம், மாட்டோம் என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 20 வேலை நாள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 30 நாள். இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். கடிகாரம் எந்த நிமிடத்தில் ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. விளையாட்டு முழுவதும் அங்கேதான்.

அமெரிக்காவை எடுங்கள். மனு தவறான கிளைக்குப் போய்விட்டால் சரியான கிளைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணுவோம் என்று அங்கே இழுத்தடித்த காலம் உண்டு. 2007-இல் சட்டத்தைத் திருத்தி, மனுக்களை வாங்குவதற்கென்று இருக்கும் எந்தக் கிளையில் வந்தாலும் அங்கிருந்து 10 நாளுக்குள் கடிகாரம் ஓடியே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். விளக்கம் கேட்டு நிறுத்துவது ஒரே ஒரு முறைதான், கட்டணம் பற்றிய சந்தேகம் இருந்தால் அது தனி. பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே நியாயமாக விளக்கம் கேட்டு, நீங்கள் பதில் போட்டால் 20 நாள் புதிதாக, ஒன்றிலிருந்து தொடங்கும். "தாங்கள் கேட்பது எந்த ஆண்டின் ஆவணம் என்று தெளிவுபடுத்தவும்" என்று ஒரு வரி கெடுவுக்கு முந்தின நாள் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீலமை, உங்களுக்கு: கெடு தாண்டியதும் பல சட்டங்களில் அது மறுத்ததாகவே கொள்ளப்படும். இந்தியச் சட்டத்தில் 7(2) பிரிவு. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். அமெரிக்காவில் துறைக்குள் முறையீடு செய்யாமலே நீதிமன்றத்துக்குப் போக வழி திறந்துவிடும். திரையில் 'மறுக்கப்பட்டது' என்று வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கான உங்கள் கடிகாரமும் அதற்குள் ஓடத் தொடங்கியிருக்கும்.

வரிக்குதிரை எழுதியது:

இந்த மாதிரி மனுக்களைக் கையாளும் மென்பொருளில் வேலை செய்திருக்கிறேன், எந்த அரசுக்கு என்று கேட்காதீர்கள். நிலை என்ற புலத்தில், அதாவது திரையின் அந்தக் கட்டத்தில், வெளியே தெரிவது நாலைந்து சொல். உள்ளே இருபதுக்கும் மேல் இருக்கும். 'தேடலுக்கு அனுப்பியது', 'தேடல் முடிந்தது', 'சட்டப் பிரிவில்', 'மற்றத் துறையின் கருத்துக்கு', 'ஒப்புதலுக்கு' இப்படி. வெளியே காட்டும்போது இவை எல்லாவற்றையும் ஒரே 'பரிசீலனையில்' என்ற சொல்லில் அமுக்கிவிடுவோம். ஒவ்வொரு நிலையும் மாறிய நேரம், மாற்றியவரின் பயனர் பெயர் எல்லாம் அடியில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஒன்றும் கிடையாது. காட்டச் சொல்லி யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

இன்னொரு சமாசாரம், முடித்துவைக்கும் குறியீடு. ஒரு மனுவை மூட வேண்டுமென்றால் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். முழுதும் கொடுத்தோம், பகுதி கொடுத்தோம், மறுத்தோம் என்ற மூன்றையும் விடுங்கள். அதற்குக் கீழே ஒரு நீண்ட வரிசை இருக்கும்: ஆவணம் இல்லை, மனுதாரர் விலக்கிக்கொண்டார், வேறு துறைக்கு மாற்றம், கட்டணப் பிரச்சினை, ஏற்கெனவே வந்த மனு, போதிய விவரம் இல்லை. இவை எல்லாமே கணக்கில் 'முடிக்கப்பட்ட மனு'தான். 'ஆவணம் இல்லை' என்ற ஒரு சொடுக்கு நிமிடத்தில் முடியும். முந்நூறு பக்கத்தைப் படித்து வரிவரியாக மறைத்துக் கொடுப்பது மாதக்கணக்கு. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எடை, ஒன்றும் ஒன்றும் இரண்டு.

காகிதப்புலி எழுதியது:

வரிக்குதிரை அண்ணே, இதைத்தான் நான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். தேக்கம் குறைந்தது என்று அறிக்கை வந்தால் ஆவணம் வெளியே வந்தது என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் ஒரு பழக்கம் உண்டு. மனு கிடப்பில் கிடந்து ஊறிப்போன பிறகு மனுதாரருக்கு ஒரு கடிதம் போகும்: "உங்களுக்கு இன்னும் இதில் ஆர்வம் உண்டா? குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் மனுவை மூடிவிடுவோம்." முகவரி மாறியவர், மறந்தவர், செத்துப்போனவர் எல்லோருடைய மனுவும் ஒரே வீச்சில் தீரும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அங்கத்திய நீதித்துறை, இதை அளவோடு பயன்படுத்துங்கள், பதில் சொல்லப் போதிய அவகாசம் கொடுங்கள் என்று வழிகாட்டுதல் கொடுக்க வேண்டி வந்தது.

கெடுநாள் எழுதியது:

ஆனாலும் அந்த நாட்டுக் கணக்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு துறையும் ஆண்டறிக்கையில் வந்தவை, முடித்தவை, கிடப்பவை, சராசரி நாள், இடைநிலை நாள், போதாதற்குக் கிடப்பில் இருப்பவற்றில் மிகப் பழைய பத்து மனுக்களின் தேதி வரைக்கும் எழுத வேண்டும். 2023 நிதியாண்டில் கூட்டாட்சித் துறைகளுக்கு வந்தவை ஏறத்தாழ 12 லட்சம் மனுக்கள், ஆண்டு முடிவில் தேங்கி நின்றவை சுமார் 2 லட்சம். இந்த எண்கள் நமக்குத் தெரிவதற்கே பதிவும் அறிக்கையும்தான் காரணம்.

எண் கொடுப்பதே அங்கே 2007 திருத்தத்தில்தான் சட்டக் கடமை ஆனது. 10 நாளுக்கு மேல் எடுக்கும் எந்த மனுவுக்கும் தனி எண் தர வேண்டும், நிலையையும் எப்போது முடியும் என்ற உத்தேசத் தேதியையும் தொலைபேசியிலோ இணையத்திலோ சொல்ல வேண்டும். உத்தேசத் தேதி என்பதைக் கவனியுங்கள். 'பரிசீலனையில்' என்று சொல்லித் தப்ப முடியாது, ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தேதி பொய்த்துப் போகும், அது வேறு விஷயம்.

அடிக்குறிப்பு எழுதியது:

நீலமையின் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. பதிவேட்டை நாம் பார்க்க முடியுமா? முடியும். சில இடங்களில் அது ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது.

இந்த வகைச் சட்டத்துக்குத் தாய் சுவீடனின் 1766-ஆம் ஆண்டு அச்சுச் சுதந்திரச் சட்டம். இன்று அங்கே அலுவலகத்துக்கு வரும், போகும் ஆவணங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது கடமை, அந்தப் பதிவேடும் பொது ஆவணம். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் பத்திரிகையாளர்கள் எதைக் கேட்பதென்று முடிவு செய்கிறார்கள். நார்வே ஒரு படி மேலே போய் 2010-இல் மத்திய அரசு அலுவலகங்களின் கடிதப் பதிவேடுகளை ஒரே இணையதளத்தில் ஏற்றியது. பதிவைத் தேடி, வேண்டிய ஆவணத்தின் மேல் சொடுக்கினால் அதுவே மனு. இங்கே முறை தலைகீழாக இருக்கிறது பாருங்கள். நம் பக்கம் மனுவைத்தான் அரசு கண்காணிக்கிறது. அவர்கள் பக்கம் அரசின் கடிதங்களை மக்கள் கண்காணிக்கிறார்கள், மனு என்பது அதில் ஒரு சொடுக்கு.

மெக்சிகோ 2003-லேயே இணையவழி மனு முறையைக் கொண்டுவந்தது. கேள்வியும் பதிலும் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கும்படி இருந்தன, பெயரை நிரூபிக்க அடையாள அட்டை கேட்பதில்லை. அந்த அமைப்பை மேற்பார்வை செய்த இனாய் என்ற தன்னாட்சி நிறுவனத்தை 2025-இல் கலைத்துவிட்டார்கள். ஒரு மென்பொருள் தரும் வெளிச்சம் அதை நடத்துகிறவர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கனடாவின் கதை இன்னும் சுவை. அங்கே கேர்ஸ் என்று ஒரு உள்தரவுத்தளம் 1989 முதல் இருந்தது. எந்தத் துறைக்கு என்ன மனு வந்தாலும் அதில் ஏற்ற வேண்டும். அரசு தன் வசதிக்காக, துறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போய்ப் பதில் சொல்வதற்காக உருவாக்கியது அது. ஒரு பேராசிரியர் தகவல் சட்டத்தின் கீழ் மனுப் போட்டே அந்தத் தரவுத்தளத்தை வாங்கி இணையத்தில் தேடும்படி போட்டார். பின்னர் ஒரு பத்திரிகையாளர் மாதாமாதம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்று பார்த்து, ஏற்கெனவே வெளியான ஆவணத்தைச் சுலபமாக வாங்கிவிடலாம் அல்லவா? 2008-இல் அரசு அதை நிறுத்தியது. பிற்பாடு ஒவ்வொரு துறையும் முடித்த மனுக்களின் சுருக்கத்தை மாதாமாதம் வெளியிடும் முறை வந்தது. கவனிக்க: முடித்த மனுக்கள். நடப்பில் இருப்பவை அல்ல.

ஆஸ்திரேலியாவில் 2011 மே முதல் 'வெளியீட்டுப் பதிவேடு' கட்டாயம். ஒருவருக்குக் கொடுத்ததை 10 வேலை நாளுக்குள் எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும், தனிநபர் விவரங்கள் நீங்கலாக.

காகிதப்புலி எழுதியது:

அடிக்குறிப்பு சொன்ன கேர்ஸில் ஒரு பாதியைத்தான் சொன்னார். மறுபாதி இது. மையமாக ஒரு பதிவு இருந்தால் மையத்தில் இருப்பவர் யார் கேட்கிறார்கள் என்றும் பார்க்கலாம்.

கனடாவில் மனுதாரரை வகை பிரிப்பார்கள்: ஊடகம், கல்வித் துறை, வணிகம், அமைப்பு, பொதுமக்கள். புள்ளிவிவரத்துக்கு என்று சொன்னார்கள். சில துறைகளில் ஊடகம், எதிர்க்கட்சி என்று தெரிந்தால் மனுவின்மேல் மஞ்சள் விளக்கு எரியும். அதிகாரபூர்வமாகவே அதற்கு அப்படி ஒரு பெயர் புழங்கியது. விளக்கு எரிந்தால் மனு அமைச்சர் அலுவலகத்துக்கும் செய்தித் தொடர்பு ஆட்களுக்கும் போகும். அவர்கள் கேள்விக்குத் தயாராகும் வரைக்கும் ஆவணம் காத்திருக்கும்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் சில மனுக்கள் வெளியீட்டுக்கு முன் அரசியல் ஆலோசகர்களின் பார்வைக்குப் போயின என்று 2010-இல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. கேட்டவர் யார், பத்திரிகையாளரா என்ற விவரமும் சேர்த்தே போனது. மறு வருடம் துறையின் தலைமை ஆய்வாளரே இதைப் பற்றி அறிக்கை கொடுத்தார்.

பிரிட்டனிலோ, கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று பார்க்கக்கூடாது என்பது அவர்களே பெருமையாகச் சொல்லும் கொள்கை. சட்டம் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த காலத்திலேயே துறைகளுக்கிடையே சிக்கலான மனுக்களை ஒருங்கிணைக்க 'கிளியரிங் ஹவுஸ்' என்று ஒரு பிரிவு முளைத்தது. கேட்டவர்களின் பெயரோடு பட்டியல் துறைகளுக்குச் சுற்றுகிறது என்று 2020-இல் ஓப்பன்டெமாக்ரசி இதழ் வெளிக்கொண்டுவந்தது. தீர்ப்பாயத்துக்குப் போய் 2021-இல் ஆவணங்களை வாங்கினார்கள், வெளிப்படைத்தன்மை இல்லை என்று தீர்ப்பாயம் அந்தப் பிரிவை நடத்திய அமைச்சரவை அலுவலகத்தைக் கடுமையாகச் சாடியது.

மூன்றாம்நகல் எழுதியது:

தம்பி காகிதப்புலி, கோபம் புரிகிறது. ஆனால் நாற்காலியின் இந்தப் பக்கத்தையும் பாருங்கள். ஒரு துறை கொடுத்த பதில் நாளைக் காலை பத்திரிகையில் வரப்போகிறது. அமைச்சருக்கு அது முன்கூட்டியே தெரியக்கூடாதா? சட்டமன்றத்தில் எழுந்து கேட்டால் அவர் விழிக்க வேண்டுமா? ஒரே கேள்வியை இருபது துறைக்கு ஒருவர் அனுப்புகிறார். ஒரு துறை கொடுத்து, இன்னொரு துறை அதே ஆவணத்தை மறுத்தால் கேலிக்கூத்து. ஒருங்கிணைக்க ஒரு பட்டியல் வேண்டாமா?

காகிதப்புலி எழுதியது:

ஐயா, தெரியட்டும். தெரியப்படுத்துவதற்கும் அனுமதி கேட்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறதல்லவா, அதைத்தான் சொல்கிறேன். பதில் தபாலில் போகும் அதே நாளில் அமைச்சருக்கும் ஒரு நகல் போகட்டும், யார் தடுத்தார்கள்? அவர் பார்த்த பிறகுதான் தபால் போகும் என்றால் அது வேறு. ஒருங்கிணைக்கக் கேள்வி போதும், கேட்டவரின் பெயர் எதற்கு?

வரிக்குதிரை எழுதியது:

மென்பொருளில் இந்தக் கோட்டை அழகாகப் பார்க்கலாம். 'தகவலுக்காக' என்றால் ஒரு மின்னஞ்சல் போகும், மனுவின் நிலை மாறாது. 'ஒப்புதலுக்காக' என்றால் அடுத்த படி பூட்டிக்கொள்ளும், அவர் சொடுக்கும் வரை திறக்காது. இரண்டில் எது அமைக்கப்பட்டிருக்கிறது என்பது யாரோ ஒரு நிர்வாகி ஒரு மதியம் போட்ட ஒரு டிக். சட்டத்தில் எழுதாத அதிகாரம் எல்லாம் இப்படித்தான் உள்ளே வருகிறது.

பெயர் விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்துக்கு ஒரு சால்ஜாப்பு உண்டு. அங்கே கட்டணம் மனுதாரரின் வகையைப் பொறுத்தது: வணிகம் என்றால் ஒரு விகிதம், கல்வி, ஊடகம் என்றால் வேறு. ஆக யார் என்று பார்த்தே ஆக வேண்டும். கட்டணத்துக்காகச் சேர்க்கப்பட்ட புலம், அப்புறம் எல்லா அறிக்கையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீலமை எழுதியது:

இதைப் படித்ததும் கொஞ்சம் திக்கென்றது. பதிவேட்டைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டால் என் பெயரும் சேர்ந்துதானே திறக்கும்?

அடிக்குறிப்பு எழுதியது:

நியாயமான பயம். இந்தியாவில் தகவல் கேட்டதற்காகவே ஆர்வலர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் நடந்திருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை, தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு தனிவிவரம் கேட்கக்கூடாது என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் முகவரி என்பது தொடர்புக்குத் தேவைதான். அது உள்ளூர் அலுவலகத்தில் இருந்து எதிராளி கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மனுக்களையும் பதில்களையும் இணையத்தில் ஏற்றச் சொன்ன அரசே, மனுதாரரின் பெயர், முகவரி முதலியவற்றை ஏற்ற வேண்டாம் என்றும் பிறகு சொன்னது அதனால்தான்.

ஆக என் நிலை இது: கேள்வி பொது, பதில் பொது, இரண்டுக்கும் நடுவே ஓடிய கடிகாரமும் பொது. கேட்டவர் பொது இல்லை. சுவீடனில் பெயர் சொல்லாமலே கேட்கலாம், எதற்கு என்று அவர்கள் விசாரிக்கக்கூடாது, ரகசியம் பற்றி முடிவு செய்யத் தேவைப்பட்டால் ஒழிய. வாட்டூதேநோ போல மனுவையும் பதிலையும் பொதுவில் போடும் தளங்கள் வழியே கேட்டால் பெயரோடு வெளியே தெரியும்தான், ஆனால் அது கேட்பவர் தானாக எடுக்கும் முடிவு.

கெடுநாள் எழுதியது:

பெயர் பொது இல்லை என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஒரே நிறுவனம் போட்டியாளரைப் பற்றி ஆயிரக்கணக்கில் மனு போட்டுத் துறையை அடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வணிக நோக்கில் வரும் மனுக்கள் ஏராளம், அங்கத்திய மனுப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிவேடுகளில் கேட்டவர் பெயர் இருந்தது. பெயரை மறைத்திருந்தால் அந்தச் செய்தி வந்திருக்காது.

அடிக்குறிப்பு எழுதியது:

நிறுவனத்தின் பெயருக்கும் தனிமனிதரின் பெயருக்கும் ஒரே விதி வேண்டியதில்லையே.

நெறியாளர் எழுதியது:

இருவரும் இந்தப் பெயர் விவாதத்தைத் தனி இழையில் தொடரலாம். இங்கே நீலமையின் கேள்விக்கு வருவோம்.

மூன்றாம்நகல் எழுதியது:

வருகிறேன். தன் மனு எங்கே கிடந்தது என்று கேட்பதும் ஒரு தகவல் கோரிக்கைதான். இந்தியாவில் பழைய ஆர்வலர்கள் இதற்கு ஒரு வாசகமே வைத்திருந்தார்கள். சாதாரணக் குறை மனு ஒன்று கிடப்பில் கிடந்தால் தகவல் மனுவில் இப்படிக் கேட்பார்கள்: "எனது மனுவின்மீது நாள்தோறும் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? எந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? அவர்களின் பெயர், பதவி என்ன? அந்தக் காலத்தில் அவர்கள் செய்தது என்ன?" இதைப் படித்த அன்றே கிடப்பில் கிடந்த வேலை நகர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். தகவலைக் கொடுப்பதைவிட வேலையை முடிப்பது சுலபம் என்று பிரிவில் முடிவு செய்துவிடுவார்கள்.

கோப்புக் குறிப்புகளையும் கேளுங்கள். இந்தியாவில் 2006-இல் அவற்றைச் சட்டத்துக்கு வெளியே எடுக்க அரசு முயன்று, எதிர்ப்பு வந்து கைவிட்டது. குறிப்புப் பக்கத்தில்தான் "பேசவும்" என்று ஒரு மேலதிகாரி எழுதியதும், அதற்குப் பிறகு பேசியது என்ன என்று எழுதாமல் விட்டதும் தெரியும்.

கெடுநாள் எழுதியது:

அமெரிக்காவிலும் இதைச் செய்கிறார்கள். மனுவைக் கையாண்டபோது எழுதிய குறிப்புகள், தேடல் சீட்டுகள், உள்மின்னஞ்சல்கள் என்று தனியாக ஒரு மனு. பிரிட்டனில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழியாகவும் போகலாம்: உங்களைப் பற்றி அவர்கள் மனுக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்கும்போது கோப்பை அழித்துவிட்டால் என்ன செய்வது என்று சிலருக்குப் பயம். மனு வந்த பிறகு தராமல் இருப்பதற்காக ஆவணத்தை அழிப்பதோ திருத்துவதோ பிரிட்டனில் 77-ஆம் பிரிவுப்படி குற்றம், கனடாவிலும் குற்றம். இந்தியாவில் கேட்ட தகவலை அழித்தால் தகவல் அலுவலர்மீது நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தனிப்பட்ட அபராதம் விதிக்க 20-ஆம் பிரிவு இடம் தருகிறது. தாமதத்துக்கும் அதே பிரிவுதான். அபராதம் யார்மீது என்று முடிவு செய்வதற்கும் தேதிவாரியான பதிவுதான் சாட்சி. தகவல் அலுவலர் "நான் அன்றே பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்" என்பார், பிரிவு "எங்களுக்கு வரவே இல்லை" என்னும்.

வரிக்குதிரை எழுதியது:

அந்தச் சண்டையைத் தீர்க்கும் பதிவு மென்பொருளில் இருக்கிறது, ஆனால் அந்த மென்பொருளே மாறிவிட்டால்? அமெரிக்காவில் பல துறைகள் சேர்ந்து 2012 முதல் பயன்படுத்திய ஃபோயாஆன்லைன் தளம் இருந்ததே, அதில் மற்றவர்கள் கேட்டதையும் கொடுத்த ஆவணத்தையும் ஒரே இடத்தில் தேடலாம். 2023 செப்டம்பர் கடைசியில் மூடிவிட்டார்கள். ஒவ்வொரு துறையும் தனக்கென்று வேறு அமைப்புக்குப் போனது. பழைய எண்ணை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதை எங்கே தட்டுவது என்று துறை துறையாக விசாரிக்க வேண்டிய நிலை. இன்று நாம் புகழும் எந்தத் தளத்துக்கும் இது வரலாம் என்பதால் நான் எப்போதும் சொல்வது, ஒப்புகைப் பக்கத்தை அன்றே படமெடுத்து வையுங்கள், நிலை மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்து வையுங்கள்.

நீலமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேல்முறையீட்டை இன்றே போடுகிறேன். கூடவே என் மனு நடந்த பாதையைக் கேட்டு இன்னொரு மனு. ஒரு சந்தேகம்: "மனுவின்மீது எடுத்த நடவடிக்கை விவரம்" என்று கேட்டால் ஒரு வரியில் "நடவடிக்கையில் உள்ளது" என்று எழுதிவிட மாட்டார்களா?

வரிக்குதிரை எழுதியது:

எழுதுவார்கள். விவரம் கேட்காதீர்கள், பதிவைக் கேளுங்கள். "இந்த எண்ணுள்ள மனு தொடர்பாகக் கணினி அமைப்பில் பதிவாகியுள்ள எல்லா நிலை மாற்றங்களும், ஒவ்வொன்றின் தேதி, நேரம், மாற்றியவரின் பதவியோடு, விரிதாள் கோப்பாக" என்று எழுதுங்கள். விரிதாள் என்று சொல்லாவிட்டால் அச்செடுத்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து, கோணலாக ஒரு படம் அனுப்புவார்கள்.

மூன்றாம்நகல் எழுதியது:

அதோடு தபால் பதிவேட்டில் அந்தத் தேதிக்குரிய பக்கத்தின் நகலும், பிரிவின் பதிவேட்டில் உங்கள் கோப்பு ஏறிய பக்கத்தின் நகலும். கோப்பு எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை தொலைபேசியில் அதைச் சொன்னால் போதும்.

காகிதப்புலி எழுதியது:

'ஒப்புதலுக்கு' என்ற வரி அதில் இருந்தால் யாருடைய ஒப்புதலுக்கு என்று பார்த்து இங்கே போடுங்கள், உங்கள் பெயரை அழித்துவிட்டு.